கரையத் தெரிந்த தெய்வம்

திண்டுக்கல்லிலிருந்து கரூர் போகும் வழியில், தாடிக்கொம்பை ஒட்டி இருக்கிறது அகரம். குடகனாற்றுச் சமவெளியில் உள்ள சின்னப் பேரூர். பஸ்ஸில் கொஞ்சம் கண்ணயர்ந்தால் தெரியாமலே கடந்துவிடலாம். ஆனால் ஐப்பசி பிறந்துவிட்டால் கதையே வேறு. முத்தாலம்மன் திருவிழாவுக்குச் சுற்றுவட்டாரமே அங்கே திரண்டுவிடும். திருப்பூர் பனியன் கம்பெனியில் இருப்பவரும், கேரளாவில் கடை வைத்திருப்பவரும், சென்னையில் ஐ.டி. வேலை பார்ப்பவரும் தீபாவளிக்கு வராவிட்டாலும் இதற்கு வந்துவிடுவார்கள்.

இந்தத் திருவிழாவுக்குக் காலண்டர் தேதி மட்டும் போதாது, அம்மனின் உத்தரவு வேண்டும். கோயிலில் கூடி, அம்மனிடம் அனுமதி கேட்டுக் காத்திருப்பார்கள். பல்லி ஒலித்தால் உத்தரவு கிடைத்ததாகக் கொண்டு சாட்டுவார்கள். அதன் பிறகுதான் மண் பிசைவது, பந்தல் போடுவது, சப்பரம் கட்டுவது எல்லாம்.

மண்ணில் உருவான அம்மனுக்குக் கண் திறப்பு நடக்கும். ஆயிரம்பொன் சப்பரத்தில் ஏறி வருவாள். வாணவேடிக்கை பார்ப்பாள். ஊரெல்லாம் அவளைச் சுற்றி நின்று குலவையிடும். கடைசியில் அவள் பூஞ்சோலைக்குப் போய்விடுவாள். அங்கே விடைபெறுகிறாள். மண் மண்ணோடு சேர்ந்துவிடும்.

அடுத்த திருவிழாவுக்கு மறுபடியும் மண் எடுக்க வேண்டும். மறுபடியும் முகம் வரைய வேண்டும். மறுபடியும் கண் திறக்க வேண்டும்.

ஆயிரம் வருடம் நிற்கும் கருங்கல் சிலைகளுக்குப் பஞ்சமில்லாத வட்டாரம் இது. கூப்பிடு தூரத்தில் தாடிக்கொம்பு சௌந்தரராஜப் பெருமாள் கோயிலில், கல்லில் வடித்த சிற்பங்கள் பார்ப்பவரை அசர வைக்கும். அப்படிப்பட்ட கல் தச்சர்கள் உலவிய மண்ணில், ஒரு ஊர் தன் தெய்வத்தை விழாவுக்கு விழா களிமண்ணில் செய்து, கரையவும் விடுகிறது. இதற்குப் பின்னால் ஒரு பழைய பயம் இருக்கிறது.

முத்து என்றால் என்ன?

முத்தாலம்மன், முத்துமாரி என்ற பெயர்களில் வரும் 'முத்து' கடலில் எடுக்கும் முத்தை மட்டும் குறிப்பதில்லை. உடம்பில் கொப்புளம் கொப்புளமாக எழும்பும் அம்மையையும் கிராமத்தில் முத்து என்றுதான் சொல்வார்கள். "பிள்ளைக்கு முத்துப் போட்டிருக்கு" என்று அப்பத்தா சொன்னால், வீட்டில் யாரும் அதை நோய் என்று சொல்லக்கூடாது. "ஆத்தா வந்திருக்கா" என்றுதான் சொல்ல வேண்டும். குணமாகிவிட்டால் "ஆத்தா இறங்கிட்டா."

இன்றைய பிள்ளைகளுக்கு அம்மை என்றால் பத்து நாள் லீவு. அதற்கு முந்தைய தலைமுறைகளுக்கு அப்படி இல்லை. பெரியம்மை வந்தால் பத்தில் மூன்று பேர் வரை இறந்தார்கள். பிழைத்தவர்களில் பலருக்கு முகமெல்லாம் தழும்பு, சிலருக்குக் கண் போனது. மருந்து என்று எதுவும் இல்லை. ஒரு தெருவில் ஆரம்பித்தால் ஊர் முழுக்கப் பரவும்.

அப்படிப்பட்ட நோயை எதிர்த்து நிற்க எந்த வழியும் இல்லாத மனிதர்கள் அதற்கு ஒரு முகம் கொடுத்தார்கள். முகம் கொடுத்துவிட்டால் அதனோடு பேசலாம், கெஞ்சலாம், கூழ் ஊற்றிக் குளிர்விக்கலாம். "வந்தது போதும் தாயே, இறங்கிப் போ" என்று வழியனுப்பவும் செய்யலாம். மண்ணில் வந்து, ஊரின் காணிக்கையை வாங்கிக்கொண்டு, ஊருக்கு வெளியே போய்க் கரைகிற அம்மன் அந்த வழியனுப்புதலின் வடிவம்தான் என்று எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது. வந்தவள் போக வேண்டும். போனால்தான் ஊர் நிம்மதியாகத் தூங்கும்.

மாதமும் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும். திண்டுக்கல் சமவெளிக்கு ஆண்டு மழையில் பெரும்பங்கு அந்த மாதங்களில்தான் கிடைக்கிறது. மண் உருவத்தைக் கரைக்கிற மழைதான் கிணற்றையும் குளத்தையும் நிரப்புகிறது.

வேப்பிலை கட்டிய வீடு

அம்மை கண்ட வீட்டுக்குச் சில விதிகள் உண்டு. வாசலில் வேப்பிலை செருக வேண்டும். அதைப் பார்த்ததும் வெளியாள் உள்ளே வரமாட்டார். வீட்டுக்காரரும் வெளியூர் போகமாட்டார். தாளிப்பு வாசனை கூடாது, எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது. நோயாளிக்குத் தனியிடம், சுத்தமான துணி, வேப்பிலைப் படுக்கை. கஞ்சி, இளநீர், மோர் என்று குளிர்ச்சியான ஆகாரம். குணமான பிறகு மஞ்சளும் வேப்பிலையும் போட்டுக் காய்ச்சிய தண்ணீரைத் தலைக்கு ஊற்றி, அதன் பிறகே எல்லோரோடும் கலக்க விடுவார்கள்.

இன்றைக்குச் சுகாதாரத்துறை சொல்லும் தனிமைப்படுத்தலுக்கும் இதற்கும் எவ்வளவு தூரம்? ரொம்ப தூரமில்லை. திருவிழா சாட்டியபின் காப்புக் கட்டியவர்கள் ஊரைவிட்டு வெளியே தங்கக் கூடாது என்ற கட்டுப்பாட்டிலும் அதே வாசனை இருக்கிறது. கிருமி என்ற சொல்லே தெரியாத காலத்தில், "ஆத்தா கோவிச்சுக்குவா" என்ற ஒரு வாக்கியம் ஊரைக் கட்டிப்போட்டது. போலீஸும் அபராதமும் செய்ய முடியாததை நம்பிக்கை செய்தது.

நம்பிக்கையின் பலம் அதுதான். தனி மனிதருக்குத் தைரியம், ஊருக்கு ஒழுங்கு. நோயில் கிடக்கும் பிள்ளையை அருவருக்காமல், தெய்வம் இறங்கிய உடம்பாகப் பார்க்க வைத்ததும் அதுதான். உலகத்தில் பல இடங்களில் தொற்றுநோயாளிகளை ஊரைவிட்டே விரட்டியிருக்கிறார்கள். இங்கே அம்மை கண்ட பிள்ளை, வீட்டில் இருக்கும் கடவுள்.

ஆனால் அதே நம்பிக்கைக்கு இன்னொரு பக்கமும் இருந்தது. தெய்வம் வந்திருக்கும்போது மருந்து கொடுத்தால் அது தெய்வக் குற்றம். அம்மை குத்த வருகிறவரைக் கண்டால் பிள்ளைகளை அடுப்படிக்குள் ஒளித்து வைப்பார்கள். "ஆத்தா பார்த்துக்குவா" என்று சொல்லியே எத்தனையோ பிள்ளைகளை மண்ணில் புதைத்திருக்கிறார்கள். வேப்பிலை கட்டிய வாசல் நோய் வெளியே போகாமல் தடுத்தது. சில வீடுகளில் அதுவே வைத்தியர் உள்ளே வராமலும் தடுத்துவிட்டது.

எல்லிஸ் எழுதிய கதை

இங்கிலாந்தில் எட்வர்டு ஜென்னர், மாட்டு அம்மையைக் கொண்டு பெரியம்மையைத் தடுக்கலாம் என்று காட்டியது 1796-ல். ஆறே வருடத்தில், 1802-ல், பம்பாயில் ஒரு மூன்று வயதுக் குழந்தைக்கு இந்தியாவின் முதல் தடுப்பூசி போடப்பட்டது. அதைத் தொடர்ந்து சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஊசி வந்துவிட்டது. அதை ஏற்க மனம்தான் வரவில்லை. மாட்டின் புண்ணிலிருந்து எடுத்ததை மனித உடம்பில் ஏற்றுவதா? ஆத்தாவுக்கு எதிராகவா?

அப்போது சென்னையில் கலெக்டராக இருந்தவர் எஃப்.டபிள்யூ. எல்லிஸ். தமிழ் படித்தவர், திருக்குறளுக்கு உரை எழுத முனைந்தவர். தென்னிந்திய மொழிகள் ஒரே குடும்பம் என்று 1816-லேயே எடுத்துச் சொன்னவர். மக்களை மிரட்டி ஊசி போட முடியாது என்பது அவருக்குப் புரிந்திருக்கிறது. அதனால் ஒரு கதை எழுதினார். சக்தியும் தன்வந்திரியும் பேசிக்கொள்வது போன்ற கதை. பசு உலகத்துக்குத் தந்த வரங்களில் இந்த அம்மைப் பாலும் ஒன்று என்று அந்தக் கதை சொல்கிறது. அம்மனே சம்மதித்துக் கொடுத்த மருந்து இது என்பதுதான் அதன் சாரம்.

வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஊசி போடுவதற்காக நம் தெய்வங்களைப் பேச வைத்ததை எப்படி எடுத்துக்கொள்வது? தந்திரம் என்று கோபப்படலாம், சாமர்த்தியம் என்று சிரிக்கலாம். ஆனால் ஒரு விஷயத்தை அவர் சரியாகக் கணித்திருந்தார். நம்பிக்கையைத் தள்ளி வைத்துவிட்டு ஒருவரின் உடம்பை மட்டும் காப்பாற்ற முடியாது. அந்த வீட்டுக்குள் போக வேண்டுமானால் வேப்பிலை கட்டிய வாசல் வழியாகத்தான் போக வேண்டும்.

அதன் பிறகும் நூறு வருடங்களுக்கு மேல் ஆனது. 1899-ல் கிண்டியில் கிங் இன்ஸ்டிடியூட் தொடங்கப்பட்டு, அம்மைத் தடுப்பு மருந்து இங்கேயே தயாராக ஆரம்பித்தது. 1967-ல் உலக சுகாதார நிறுவனம் பெரியம்மையை அடியோடு ஒழிக்கும் இயக்கத்தைத் தீவிரமாக்கியது. வீடு வீடாகத் தேடினார்கள். 1975 வாக்கில், பெரியம்மை கண்டவரைப் பற்றித் தகவல் சொன்னால் 1,000 ரூபாய் வரை பரிசு என்று அறிவித்தார்கள். அந்தக் காலத்தில் அது பெரிய பணம். அந்த வருடம் மே மாதத்தோடு இந்தியாவில் பெரியம்மை நின்றது. 1980 மே 8-ம் தேதி, உலகத்திலேயே பெரியம்மை இல்லை என்று அறிவிக்கப்பட்டது.

உங்கள் வீட்டில் ஐம்பதைத் தாண்டியவர்கள் இருந்தால் கையைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். காசு அளவில் ஒரு வட்டத் தழும்பு இருக்கலாம். இன்றைய பிள்ளைகளுக்கு அது கிடையாது. அந்த ஊசியே தேவையில்லாமல் போய்விட்டது.

நோய் போனது, அம்மன் போகவில்லை

இங்கேதான் யோசிக்க வேண்டிய விஷயம் வருகிறது. பயத்தில்தான் கடவுள் பிறந்தார் என்று சொல்பவர்கள் உண்டு. அது முழு உண்மை என்றால், பெரியம்மை ஒழிந்த வருடமே மாரியம்மன் கோயில்கள் எல்லாம் வெறிச்சோடியிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. திண்டுக்கல் கோட்டை மாரியம்மனுக்கு மாசியில் கூடும் கூட்டமும் குறையவில்லை, நத்தம் மாரியம்மனுக்குப் பூக்குழி இறங்கும் கூட்டமும் குறையவில்லை. அகரத்தில் சப்பரம் பார்க்க இன்றும் கால் வைக்க இடமில்லை.

பயம் போன பிறகும் எது மிஞ்சியது?

நன்றி மிஞ்சியது. "தாயே, என் பிள்ளையைக் காப்பாத்து, உனக்கு மாவிளக்கு எடுக்கிறேன்" என்று ஒரு பாட்டி வேண்டிக்கொண்ட கடனை, காரணம் மறந்த பிறகும் பேத்தி தீர்க்கிறாள். கூடுதல் மிஞ்சியது. வருடம் முழுக்க வாட்ஸ்அப் குரூப்பில் மட்டும் பார்த்துக்கொள்ளும் பங்காளிகள், ஒரே பந்தியில் உட்கார அதுதான் சாக்கு. பேச ஓர் இடம் மிஞ்சியது. கடன், கல்யாணம் ஆகாத மகள், குடிக்கும் புருஷன், பிள்ளையில்லாத ஏக்கம். பெரியம்மைக்கு ஊசி வந்தது போல இவற்றுக்கெல்லாம் ஊசி வரவில்லை. இதையெல்லாம் வெட்கப்படாமல் சொல்லி அழ, ஒரு பெண்ணுக்கு அம்மன் சந்நிதியைவிட்டால் வேறு எங்கே இடம் இருக்கிறது?

அந்தத் தேவைக்கு மதம் என்ற வேலியும் பெரிதாகத் தெரிவதில்லை. திண்டுக்கல் முத்தழகுபட்டியில் புனித செபஸ்தியார் கோயில் இருக்கிறது. செபஸ்தியார் யார்? கொள்ளைநோயிலிருந்து காப்பவர் என்று ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாக வேண்டப்பட்டவர். அங்கே பிளேக் வந்த ஊர்கள் அவரிடம் முறையிட்டது போலவே, இங்கே அம்மை வந்த ஊர்கள் முத்தாலம்மனிடம் முறையிட்டன. முத்தழகுபட்டியில் ஆகஸ்டுத் திருவிழாவுக்கு மக்கள் ஆடு, கோழி, அரிசி, காய்கறி என்று நேர்ச்சையாகக் கொண்டுவந்து குவிப்பார்கள். எல்லாவற்றையும் சேர்த்துச் சமைத்து, விடிய விடிய அன்னதானம் நடக்கும். சாப்பிட உட்காருபவரிடம் யாரும் மதம் கேட்பதில்லை.

சாயங்காலத் தொழுகை முடியும் நேரத்தில் பள்ளிவாசல் வாசலில் போய்ப் பாருங்கள். இருமல் நிற்காத பிள்ளையை, ராத்திரி திடுக்கிட்டு அழும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பொட்டு வைத்த தாய்மார்களும் நிற்பார்கள். தொழுதுவிட்டு வருகிறவர் ஓதி ஊதினால் பிள்ளை அசந்து தூங்கும் என்று நம்பிக்கை. அம்மன், செபஸ்தியார், பள்ளிவாசல் என மூன்று வாசல்கள். மூன்றிலும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் தாயின் முகம் ஒன்றுதான்.

வாட்ஸ்அப்பில் வந்த ஆத்தா

அப்படியானால் எல்லாம் நன்மைக்குத்தான் என்று கண்ணை மூடிக்கொள்ளலாமா? முடியாது. பெரியம்மைதான் ஒழிந்தது. மணல்வாரி அம்மை இன்னும் இருக்கிறது. கிராமத்தில் எல்லா அம்மையும் ஒரே ஆத்தாதான் என்பதால், மணல்வாரிக்கும் சின்னம்மைக்கும் அதே வேப்பிலை வைத்தியத்தோடு நிறுத்திக்கொள்ளும் வீடுகள் உண்டு. பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். சரியாகாத வீட்டில்தான் ஆபத்து. மணல்வாரி அம்மை நுரையீரலைப் பிடித்து நிமோனியாவில் கொண்டுபோய் விடலாம், மூளையைப் பாதிக்கலாம். சின்னம்மை கர்ப்பிணிகளுக்கும் பச்சைக் குழந்தைகளுக்கும் வயது வந்தவர்களுக்கும் கடுமையாகலாம்.

2017 பிப்ரவரியில், தட்டம்மை - ருபெல்லா தடுப்பூசி முகாம் தமிழ்நாடு முழுக்க நடந்தது. 9 மாதம் முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கெல்லாம் ஊசி. தட்டம்மை என்பது அதே மணல்வாரிதான். அப்போது ஊசியைப் பற்றி வாட்ஸ்அப்பில் வதந்திகள் பறந்தன. பள்ளிக்கூட வாசலில் பெற்றோர் வந்து, "எங்க பிள்ளைக்குப் போட வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்தார்கள். முகாமின் காலக்கெடுவையே நீட்டிக்க வேண்டியிருந்தது.

எல்லிஸ் காலத்தில் ஆத்தா கோபித்துக்கொள்வாள் என்று பயந்தார்கள். இருநூறு வருடம் கழித்து, யாரோ அனுப்பிய ஃபார்வர்டு மெசேஜைப் பார்த்துப் பயந்தார்கள். முதல் பயத்திலாவது ஆத்தாவின் மேல் பக்தி இருந்தது. இரண்டாவதில் அனுப்பியவர் யாரென்றே தெரியாது. கோயிலுக்குப் போகிறவர்தான் மூடநம்பிக்கைக்காரர், போன் வைத்திருப்பவர் விவரமானவர் என்ற கணக்கெல்லாம் அன்றைக்கே பொய்த்துப்போனது.

கணக்கு எளிது. மணல்வாரி - ருபெல்லா தடுப்பூசி அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இலவசம். 9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொன்று. அதைப் போட்டுவிட்டு ஆத்தாவுக்கு மாவிளக்கும் எடுக்கலாம். இரண்டுக்கும் சண்டை இல்லை. அம்மை கண்ட பிள்ளைக்கு வேப்பிலையும் இளநீரும் இருக்கட்டும். காய்ச்சல் இறங்காவிட்டாலும், மூச்சு வாங்கினாலும், பிள்ளை சோர்ந்து கண் சொருகினாலும், தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள்வரை காத்திராமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். எந்த ஆத்தாவும் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

சப்பரம் ஓடாத வருடம்

நம்பிக்கை இருக்கும், அதன் வடிவம் மாறலாம் என்பதற்கு ரொம்பப் பழைய சாட்சி தேட வேண்டியதில்லை. 2020-ஐ நினைத்துப் பார்த்தால் போதும். மதுரையில் சித்திரைத் திருவிழா ரத்து. மீனாட்சி திருக்கல்யாணத்தைச் சில பட்டர்கள் மட்டும் நடத்த, மக்கள் வீட்டில் இருந்தபடி செல்போனில் பார்த்தார்கள். பல பெண்கள் அந்த நேரத்தில் வீட்டிலேயே தாலிக்கயிறு மாற்றிக்கொண்டார்கள். கூட்டம் இல்லை, வடை பாயசம் இல்லை. ஆனால் கை கூப்பிய பக்தியில் குறைவில்லை. அடுத்த வருடம் கோவை இருகூரில் 'கொரோனா தேவி'க்குச் சிலையே வைத்துவிட்டார்கள். கோவைக்கு அது புதிதும் இல்லை. அங்கே பிளேக் மாரியம்மன் ஏற்கெனவே உண்டு. பயத்துக்கு முகம் கொடுக்கும் அந்தப் பழைய வழக்கம் கணினி யுகத்திலும் உயிரோடுதான் இருக்கிறது.

அந்த வருடங்களில் வாசலில் வேப்பிலை கட்டியவர்களில் பலர், தடுப்பூசி வரிசையிலும் நின்றார்கள். பக்தியும் ஊசியும் ஒரே கையில் பொருந்தின.

யார் கை வடத்தில்?

கரைய வேண்டியது நோயைப் பற்றிய பழைய எண்ணம் மட்டுமல்ல. இன்னொன்றும் உண்டு. அம்மனைச் செய்கிற மண்ணுக்குச் சாதி இல்லை. ஆனால் அவளைத் தொடும் கைகளுக்குப் பல ஊர்களில் சாதி பார்க்கிறார்கள்.

ஊர்த் திருவிழா என்பது ஒரு விதத்தில் ஊரின் எக்ஸ்ரே. வேளார் மண் பிசைந்து உருவம் செய்வார். ஐப்பசி மழையில் பானை காயாது, சூளை போட முடியாது. பிழைப்பே முடங்கும் அந்த நாட்களில், ஊருக்கே தெய்வம் செய்துகொடுக்கும் பெருமை அவருக்கு. பறை அடிப்பவர் ஒருவர், பூக்கட்டுபவர் ஒருவர், பந்தம் பிடிப்பவர் ஒருவர், வாணம் செய்பவர் ஒருவர். ஒருவர் வராவிட்டாலும் விழா நொண்டும். எல்லோரும் சேர்ந்தால்தான் ஊர் என்பதை வருடத்தில் சில நாட்களாவது இந்த விழாக்கள் கண்ணுக்குக் காட்டுகின்றன.

அதே எக்ஸ்ரேயில் உடைந்த எலும்பும் தெரியும். சப்பரம் எந்தத் தெரு வரை போகும், எந்தத் தெருவோடு திரும்பிவிடும்? யார் வடம் பிடிக்கலாம், யார் தள்ளி நின்று கும்பிட வேண்டும்? யார் வீட்டு வரி வாங்கப்படும், யார் வீட்டு வரி மறுக்கப்படும்? தமிழ்நாட்டில் பல ஊர்களில் திருவிழா வந்தாலே பீஸ் கமிட்டிக் கூட்டமும் வருவதற்குக் காரணம் இந்தக் கேள்விகள்தான்.

மதுரையில் 1939 ஜூலை 8-ம் தேதி, வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்ட சமூகத்தவர்களை அழைத்துக்கொண்டு மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் போனார். தெய்வக் குற்றம் என்று எதிர்த்தவர்கள் இருந்தார்கள். கோயில் இடிந்துவிடவில்லை. மீனாட்சி எழுந்து போய்விடவும் இல்லை. 1947-ல் சென்னை மாகாணம் முழுமைக்கும் ஆலய நுழைவுச் சட்டம் வந்தது. சட்டம் வந்து முக்கால் நூற்றாண்டு கழித்து, 2023 ஜனவரியில், திருவண்ணாமலை மாவட்டம் தென்முடியனூரில் மாரியம்மன் கோயிலுக்குள் பட்டியல் சமூக மக்கள் முதல்முறையாக நுழைந்தார்கள். கலெக்டரும் போலீஸும் கூடவே போக வேண்டியிருந்தது. தாய் வீட்டுக்குள் போகப் பிள்ளைக்குப் போலீஸ் காவல்.

அம்மன் எல்லோருக்கும் தாய் என்பதை வாய் சொல்கிறது. கை மறுக்கிறது. வேப்பிலை கட்டிய வாசலில் மருத்துவரைத் தடுத்த அதே பிழைதான் இதுவும். வழக்கத்தைத் தெய்வமாக்கிவிட்டு, தெய்வத்தை வெளியே நிறுத்துவது.

எதைக் கரைப்பது?

"முன்னோர் வச்ச வழக்கம், மாத்தக்கூடாது" என்று யாராவது சொன்னால், அந்த முன்னோர்கள் உண்மையில் என்ன செய்தார்கள் என்று பார்ப்பது நல்லது. முத்தாலம்மனைப் பொறுத்தவரை, அவர்கள் எதையும் நிரந்தரமாக வைக்கவில்லை. ஆசை ஆசையாக மண் பிசைந்து, வண்ணம் தீட்டி, நகை போட்டு, கண் திறந்து, ஊரே விழுந்து கும்பிட்ட உருவத்தைப் பூஞ்சோலையில் விட்டுவிட்டு வீடு திரும்பினார்கள். அவ்வளவு அழகான முகத்தைக் கரையவிட மனசு வருமா? அவர்களுக்கு வந்தது. உருவம் கரைந்தால் ஆத்தா கரைந்துவிட மாட்டாள் என்ற திடமான நம்பிக்கை இருந்தால்தான் அப்படிச் செய்ய முடியும்.

நம்பிக்கை பலவீனமாக இருக்கும் இடத்தில்தான் ஒரு வழக்கத்தைத் தொட்டால் எல்லாமே இடிந்துவிடும் என்ற பயம் இருக்கும். அகரத்து மண் அப்படிப் பயப்படவில்லை.

சென்ற தலைமுறைகள் பெரியம்மையைக் கரைத்தன. அதனோடு, ஊசி போட்டால் தெய்வக் குற்றம் என்ற எண்ணத்தையும் பெருமளவு கரைத்தன. ஆத்தா அப்படியேதான் இருக்கிறாள். இந்தத் தலைமுறையின் முன்னால் வேறு சில உருவங்கள் இருக்கின்றன. யாரோ அனுப்பிய பொய்யைப் பக்தியோடு பத்துப் பேருக்கு அனுப்பும் பழக்கம் ஒன்று. காய்ச்சலில் துடிக்கும் பிள்ளையை நாள் பார்த்துக் காக்க வைப்பது ஒன்று. ஒரு தெருவைத் தாண்டிப் போகாத சப்பரம் ஒன்று.

ஐப்பசி மழை யார் தெரு என்று பார்த்துப் பெய்வதில்லை. வரும் திருவிழாவில் அம்மனுக்கு மண் பிசையும்போது, அந்த மண்ணில் போன முறை கரைந்தவளும் கொஞ்சம் கலந்திருக்கலாம். எந்தெந்தப் பழக்கங்களை அவளோடு பூஞ்சோலைக்கு அனுப்பிவிட்டு வருவது என்பதை ஊர்தான் முடிவு செய்ய வேண்டும். உத்தரவு கேட்டு நிற்பவர்களுக்குப் பல்லி ஒலிக்கத்தான் செய்யும்.